முள் ஏறாத காரணம்

1

இந்தக் கதை ஒரு முள்ளால் வந்த வினை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய கார் ஒன்றின் டேஷ்போர்டில், எஞ்சின் சூட்டைக் காட்டவேண்டிய முள், நீலக் கோட்டைவிட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. பானெட்டைத் தொட்டால் கை பொசுங்குகிறது. முள் சும்மா படுத்திருக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: ‘அந்த முள்ளைப் போலவே அவனும் உறைந்துபோயிருந்தான்.’ அடித்துவிட்டேன். மனைவி இறந்து ஏழு மாதமானவனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனா இப்படித்தான் அசடு வழியும். முள் முள்தான்.

இரண்டாவது: ‘நான் பானெட்டைத் திறந்தபோது—’

வேண்டாம். ‘அவன்’ என்றே இருக்கட்டும். ‘நான்’ என்று போட்டால் வேலை ஓடாது.

2

கார் அவன் மனைவியுடையது. துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி, நட்டு நட்டாகக் கழற்றிப் பூட்டி, மூன்று வருடத்தில் ஓடவைத்தவள் அவள். அவனுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்க மட்டும் அனுமதி.

இப்போது அவள் அண்ணன் காரைக் கேட்கிறார். வெளியூரில் இருக்கும் அம்மா வீட்டில் கொண்டுபோய் நிறுத்த வேண்டுமாம். முந்நூறு கிலோமீட்டர். அவனும் சரி என்றுவிட்டான். ஒரே நிபந்தனை, மீட்டர் சரியாக வேண்டும். சூடு தெரியாமல் ஓட்டினால் எஞ்சின் பாதி வழியில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். அவளுடைய மூன்று வருடமும் ஒரே மத்தியானத்தில் போய்விடும்.

“என்ன மாப்ள, முள்ளு எந்திரிச்சுதா?” என்றார் மச்சான் ஃபோனில்.

“இன்னும் இல்ல மச்சான்.”

“ஒரு மாசமாச்சு. நீ ரிப்பேர் பண்றியா, இல்ல வண்டிய அடைகாக்குறியா?”

(மச்சான் உண்மையிலேயே இப்படிக் கேட்டாரா, நான் கேட்கவைத்தேனா? கேட்டார். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது.)

3

அவன் செய்தவற்றை எழுதுகிறேன். அலுப்பாக இருக்கும். அவன் பட்டதில் கால்வாசியாவது நீங்களும் படுங்கள்.

எஞ்சினில் சூட்டை உணர்வதற்கு ஒரு சென்சார் உண்டு. கட்டைவிரல் அளவு பித்தளை. அதன் தலையிலிருந்து ஒயரைக் கழற்றி எஞ்சின் உடம்பில் தொட்டான்.* முள் விறுவிறுவென்று சிவப்புவரை போனது. ஆக மீட்டர் நல்லது, ஒயர் நல்லது. கோளாறு சென்சாரில்.

புதிது வாங்கி மாட்டினான். அசையவில்லை. கடைக்காரரிடம் சண்டை போட்டு வேறொன்று வாங்கினான். அதுவும் அசையவில்லை. பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, பழையது புதியது எல்லாவற்றையும் முக்கி, மல்டிமீட்டரில் அளந்தான். வெந்நீரில் எல்லாம் உத்தமமாக வேலை செய்தன. எஞ்சினில் மாட்டினால் ஊமை. இந்தச் சனியனை என்னதான்

[வாக்கியம் இங்கே நின்றுவிட்டது. அவன் ஸ்பேனரை எறிந்தான். பூந்தொட்டி உடைந்தது.]

* தொட்டவுடன் எடுத்துவிட வேண்டும். அப்படியே வைத்திருந்தால் மீட்டர் போய்விடும். கதைக்குத் தேவையில்லை, யாருக்காவது உதவும்.

4

மறுநாள் காலை ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்தார். தெருவில் அவருக்குப் பெயர் ஷாக்கு. சென்சாரைக் கழற்றி மூக்குக்கு நேரே பிடித்தார். திருகு மரை முழுக்க வெள்ளை டேப்.

“இத யாரு சுத்துனது?”

“நான்தாண்ணே. தண்ணி கசியக் கூடாதுல்ல.”

“குழாய்க்குச் சுத்துறத இதுக்குச் சுத்தியிருக்கியே தம்பி! இந்த மரை இரும்புல பட்டாத்தான் எர்த்து கிடைக்கும். நீ அதுக்கு ஸ்வெட்டர் மாட்டி விட்டிருக்க. ரெண்டு புதுசுக்குமா?”

“ரெண்டுக்கும்.”

“படிச்சவன்தானே நீ? யாரு சொல்லிக்குடுத்தா?”

முதல் பிரதியில் அவன் பதில்: ‘பழைய மெக்கானிக் ஒருத்தர்.’ அப்படி யாரும் கிடையாது. பழி போட ஆள் வேண்டுமென்று நான் உண்டாக்கினேன். அவருக்கு மாறுகண்ணும் குடிப்பழக்கமும்கூடக் கொடுத்திருந்தேன். பிறகு வெட்கமாக இருந்தது.

நடந்தது இது. பழைய சென்சாரைக் கழற்றியபோதே அதில் டேப் இருந்தது. கசிவை நிறுத்த அவள் சுற்றியது. அதன் பிறகு வண்டியை எடுக்க அவளுக்கு நாள் இருக்கவில்லை. ஐந்து சுற்று, ஓரம் பிசிறாமல். அவன் எண்ணிப் பார்த்து, புதியவற்றுக்கும் அதே ஐந்து சுற்று சுற்றினான். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டான், மீட்டரை, ஒயரை, கடைக்காரரை. இதை மட்டும் சந்தேகப்படவில்லை.

“எம் பொண்டாட்டிண்ணே.”

இந்த இடத்தில் ஷாக்கு அவன் தோளில் கைவைப்பதாக எழுதியிருந்தேன். அவர் வைக்கவில்லை. பெஞ்சில் கிடந்த பழைய சென்சாரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“தப்பாத்தான் சுத்தியிருக்கு அந்தப் புள்ள. ஆனா நல்லா சுத்தியிருக்கு.” அவன் கையில் வைத்தார். “புதுசு ரெண்டும் டூப்ளிகேட்டு, மாசம் தாங்காது. இது ஒரிஜினல். டேப்ப உரிச்சிட்டு இதையே போடு. முள்ளு தன்னால ஏறும்.”

போய்விட்டார்.

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

உரித்தான். முள் பாதிவரை ஏறி நின்றது. மச்சான் வந்து காரை எடுத்துப்போனார். (சரியான முடிவு. எழுதி முடித்ததும் கிழித்தேன்.)

பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டூப்ளிகேட்டை டேப் இல்லாமல் மாட்டிக் கொடுத்தான். நடுவழியில் அது போனால்? மச்சான் அல்லவா வண்டியில் இருப்பார். எழுதவே கூடாது.

டேப்போடு அப்படியே மாட்டிவிட்டு, ‘சரியாகல மச்சான்’ என்றான். இதை எழுதும்போது மட்டும் கை மடமடவென்று ஓடியது. அதனாலேயே நம்பிக்கை இல்லை.

ஃபோன் அடிக்கிறது. எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, பெஞ்சில் வைக்கிறான்.

“என்ன மாப்ள, வரவா வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லு.”

“ஒரு நிமிஷம் மச்சான்.”

டேப்பின் நுனியைத் தேடுகிறான். அவள் அழுத்திவிட்டிருக்கிறாள், லேசில் அகப்படவில்லை. அகப்பட்டுவிட்டது. நகத்தில் மாட்டியிருக்கிறது.

“மாப்ள? லைன்ல இருக்கியா?”

இதற்குமேல் என்னால் ஆகாது. நுனி உங்கள் நகத்தில் இருக்கிறது. இழுப்பதானால் இழுங்கள். இல்லாவிட்டால், மச்சானுக்கு நீங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள்.