மஞ்சள் தோட்டா

அப்பாவின் பெரிய துப்பாக்கி தங்கைக்குப் போன நாளிலிருந்து அக்காவுக்கு வயிற்றெரிச்சல். அவள் தோள்பட்டை விலகிய பிறகு, பன்னிரண்டு 'போர்' அளவுக் குழல் கொண்ட அந்தத் துப்பாக்கியின் உதை இனி ஆகவே ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அவளுக்கு வாய்த்தது, எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும் கணக்கில், இருபது 'போர்' ஒல்லித் துப்பாக்கி. அதற்கு மஞ்சள் தோட்டா, பெரியதற்குச் சிவப்பு. மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் தன்னைச் சின்ன வகுப்புக்கு இறக்கிவிட்டதுபோல இருந்தது.

ஆனால் எந்திரம் வானில் வீசும் களிமண் தட்டைச் சுடுவதில் அவர்கள் கிளப்பின் சாதனை இன்னும் அவளுடையதுதான். இருபத்தைந்து தட்டில் இருபத்துநான்கு. பத்து வருஷமாக வாசல் பலகையில் அவள் பெயர் இருக்கிறது. வருகிறவர் போகிறவர் கவனிக்காவிட்டாலும் அவள் ஒரு நாளும் கவனிக்கத் தவறியதில்லை.

போட்டி அன்று காலை, தங்கை தோட்டா வைத்துக்கொள்ளும் கோட்டின் ஜிப் பிய்ந்துவிட்டது.

"அக்கா, உன்னோடதைக் குடேன், ப்ளீஸ்."

"துப்பாக்கியே போச்சு, இது மட்டும் எதுக்கு? எடுத்துக்கோ."

கழற்றி எறிந்தாள். பையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. கொடுக்கவே மனமில்லாதவள் பையையா பார்ப்பாள்?

தங்கைக்கு அன்றைக்கு எல்லாம் கைகூடி வந்தது. பத்து, பதினைந்து, இருபது, ஒன்றும் தப்பவில்லை. அவளுக்கு ஒரு பகட்டு உண்டு. கண்ணை வானத்திலிருந்து எடுக்காமல், பையில் விரலை விட்டு, தோட்டாவைப் பார்க்காமலேயே குழலில் போடுவாள். பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

இருபத்துநான்கு ஆயிற்று. பின்னால் பெஞ்சில் அக்கா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். தப்பிடு, தப்பிடு என்றது மனசு. கூடப்பிறந்தவளைப் பற்றி இப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது, நினைப்பு நிற்கவில்லை.

கடைசித் தட்டு பறந்தது. விசை 'டிக்' என்றது, அவ்வளவுதான். தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் விழுந்தது.

தங்கை துப்பாக்கியை மடக்கித் திறந்தாள். தோட்டா இருக்க வேண்டிய இடம் காலி. போட மறந்துவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்னொரு தட்டு கேட்டுக் கையை உயர்த்திவிட்டு, மறுபடி பைக்குள் கை விட்டாள்.

அக்காவுக்குத் திக்கென்றது. போன வாரம் மிஞ்சிய மஞ்சள் தோட்டா அந்தக் கோட்டில்தானே கிடந்தது! சின்னத் தோட்டா பெரிய குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய் உள்ளே உட்கார்ந்துவிடும். அதன் பின்னால் சிவப்பைப் போட்டுச் சுட்டால் குழலே வெடிக்கும். கை போகும், கண் போகும்.

கத்த வேண்டும். கத்தினால், பொறாமையில் கெடுத்துவிட்டாள் என்று ஊரே சொல்லும். பலகையில் அவள் பெயர் கண்முன் வந்தது. தங்கை துப்பாக்கியை மூடித் தோளில் வைத்தாள்.

"சுடாதே! நிறுத்துடி! குழல் அடைச்சிருக்கு!"

நடுவர் விசில் ஊதினார். "பாத்தியா, பொறுக்கல அவளுக்கு," என்றது பெஞ்சில் ஒரு குரல். தங்கையும் திரும்பி முறைத்தாள். நடுவர் சிவப்பை எடுத்துவிட்டுக் குழலுக்குள் பார்த்தார். மறுபக்க வெளிச்சம் தெரியவில்லை. மரக்குச்சியை விட்டுத் தள்ளினார். மஞ்சள் தோட்டா அவர் உள்ளங்கையில் விழுந்தது.

முகம் வெளிறிய தங்கை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "உன்னாலதான் பொழச்சேன்க்கா."

"என்னாலதான் சாகப் பாத்தே. அது என் தோட்டா. பையைப் பாக்காம குடுத்துட்டேன்." மிச்சத்தைச் சொல்ல வாய் வரவில்லை, ஆனாலும் சொன்னாள். "கத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சேன்டி."

தங்கை கையை எடுத்துக்கொண்டாள். கோட்டைக் கழற்றி அக்காவின் மடியில் வைத்தாள். ஒரே ஒரு சிவப்புத் தோட்டாவை எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

கோளாறு என்பதால் இன்னொரு தட்டு உண்டு என்றார் நடுவர். தட்டு பறந்தது, தூள்தூளானது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். தங்கையின் விரல்கள் பத்தும் இருக்கின்றனவா என்று தூரத்திலிருந்தே எண்ணிப் பார்த்துக்கொண்டாள். பத்தும் இருந்தன. வயிறும் எரிந்துகொண்டேதான் இருந்தது.