மேற்குச் சுவரில் ஏறிய காய்ச்சல்

சாந்தாமணியின் அம்மைக் காய்ச்சல், பிரசவமான அன்று அவள் உடம்பை விட்டிறங்கிப் படுக்கையறையின் மேற்குச் சுவரில் ஏறிக்கொண்டது. தொண்ணூற்று மூன்றாம் வருடம், பொள்ளாச்சியில் கொப்பரை விலை சரிந்திருந்த ஆனி மாதம் அது. சுவரில் கை வைத்த மாமியார் நாச்சியம்மாள், உலைப்பானையைத் தொட்டவள்போலக் கையை இழுத்துக்கொண்டாள்.

சாந்தாமணிக்கு அப்போது ஏழாம் மாதம்தான். கொப்புளம் கண்ட மறுநாளே மூச்சு முட்டுகிறது, டாக்டரிடம் போகலாம் என்று கணவன் அப்புசாமியிடம் கேட்டாள். அவன் தாயைப் பார்த்தான். அம்மையாக வந்த ஆத்தா வீட்டுக்குள் இருக்கும்போது ஊசி ஆகாது, மூன்று தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பிய பிறகுதான் எதுவும் என்றாள் நாச்சியம்மாள். சாந்தாமணியும் அடங்கிப்போனாள், அவளுக்கும் ஆத்தாவிடம் பயம் இருந்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள், சமையலில் தாளிப்பு நின்றது. முதல் தண்ணீருக்கு முன்பே குழந்தை வந்துவிட்டது. பெண். மட்டை உரிக்காத தேங்காயின் கனம்கூட இல்லை.

அப்புசாமி பயந்துபோய் நர்ஸைக் கூட்டி வந்தான். கர்ப்பிணிக்கு அம்மை கண்டால் பிரசவம் முந்திவிடலாம், முதல் நாளே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று அவள் திட்டினாள். கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டிய பிள்ளை, கோயம்புத்தூர் போய்ச் சேர்வதற்குள் குளிர்ந்துவிடும் என்றாள். பிறகு சுவரைத் தொட்டுப் பார்த்து, கட்டிலை அதோடு ஒட்டிப் போடச் சொன்னாள். பொழுது சாய்வதற்குள் குழந்தையின் பாதம் சிவந்தது.

மூன்றாம் தண்ணீர் நாளில் நாச்சியம்மாள் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்த குடத்தோடு அறைக்குள் வந்தாள்.

"அத்தை, அந்தச் செவுத்த மட்டும் உட்டுருங்க."

"பாதி ஊட்டக் கழுவிப்போட்டா ஆத்தா பாதி வழியில நின்னுக்குவாளே, அம்மணி."

ஊற்றினாள். சுவர் சீறி ஆவி விட்டது. மத்தியானத்துக்குள் குளிர்ந்தது. குழந்தையின் உதடு நீலம் பூத்தது.

சாந்தாமணிக்கு மாமியார்மேல் கோபம் வரவில்லை. தன் அடக்கத்தின்மேல்தான் வந்தது. குப்பையில் கிடந்த வேப்பிலையை எடுத்து மறுபடி வாசலில் செருகினாள். ரவிக்கையைக் கழற்றிக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துப் படுத்து, போனவளைக் கூப்பிட்டாள்.

"போனது போதும், வா."

காய்ச்சல் வந்தது. பிறகு போகவேயில்லை. டாக்டர்கள் தெர்மாமீட்டரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து ஓய்ந்தார்கள். முடி கொட்டியது, கண் குழி விழுந்தது, அப்புசாமி படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டான். ஆத்தா இருக்கும் வீடு என்பதால் வேப்பிலை வாடாமல் மாற்றப்பட்டது. பிழைத்துக்கொண்ட மகள் ரித்திகா கடுகு தாளித்த குழம்பை முதன்முதலில் அடுத்த வீட்டில்தான் தின்றாள். பள்ளிக்குப் போகத் தொடங்கிய வருடம், அம்மாவின் மடி சுடுகிறது என்று இறங்கி ஓடியவள், அதன்பின் அதில் உட்காரவில்லை.

ஐப்பசி அடைமழையில் தெருப் பெண்கள் ஈரச் சீருடைகளைக் கொண்டுவந்தார்கள்.

"ஏனுங்க, இதையும் கொஞ்சம் காயவச்சுக் குடுங்க."

சாந்தாமணி வாங்கி மடியில் விரித்துக்கொள்வாள். பள்ளி மணி அடிப்பதற்குள் காய்ந்துவிடும்.