எடைக்கு உட்கார்ந்தவன்

இரண்டு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னவென்றே தம்பிக்குத் தெரியாது. பழைய காரின் பின் சீட்டைப் பிடுங்கி, உள்ளே இரும்புக் கூண்டு வெல்டு அடித்து, பிரேக்கை மாற்றி, ரேஸ் டிராக்குக்குத் தயார் செய்ததெல்லாம் அவன்தான். கார் மட்டும் அண்ணன் பேரில். யார் ஓட்டுவது என்று அவன் கேட்டதில்லை. கேட்க வேண்டுமா என்ன?

கடைசி வேலையாக நாலு சக்கரத்துக்கு அடியிலும் தராசு வைத்தார்கள். ஓட்டுபவனின் எடையோடு பார்த்துத்தான், நாலு சக்கரத்திலும் பாரம் சரியாக விழும்படி ஸ்பிரிங்கைத் திருக வேண்டும்.

"நீ ஏறி உக்காருடா" என்றான் அண்ணன்.

தம்பிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் டிராக்கில் ஹெல்மெட்டோடு வந்து ஏறியவர் அண்ணனின் மச்சான். அந்தக் காரில் ஒரு நட்டுகூடத் திருகாதவர்.

"அப்ப நேத்து என்னை எதுக்குண்ணே உக்கார வெச்சே?"

"மச்சானும் உன் எடைதான்டா. அவருக்கு நேத்து வேலை இருந்துச்சு."

"ரெண்டு மணல் மூட்டையத் தூக்கி வெச்சிருக்கலாமே!"

அண்ணன் டயரில் காற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "மூட்டை சரிஞ்சிடும்டா. நீன்னா வெச்ச இடத்துல இருப்பே."