உன் இஷ்டம்

நான் எறிந்த பந்தை எதிரணிக்காரன் பிடித்துக்கொண்டு எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடினான். ஸ்டேடியமே என்னைப் பார்த்து ஊளையிட்டது. எனக்கு முடி வெட்டுகிற ஆள்கூட முன்வரிசையில் எழுந்து நின்று திட்டிக்கொண்டிருந்தார். ஊளை எனக்குப் புதிதில்லை. அன்றைக்கு உறுத்தியது வேறு விஷயம். அந்தத் தப்பு என்னுடையது இல்லை.

எங்கள் அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையால் எறிகிறவன் நான், குவாட்டர்பேக். ஓடிப்போய்ப் பிடிக்கிறவர்கள் ரிசீவர்கள். போன வருடம் எங்கள் ஹால்டன் கல்லூரியில் நல்ல ரிசீவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஒருவனை இரண்டு பேர் மறித்தால் இன்னொருவன் காலியாக நிற்பான், அவனைப் பார்த்து எறிந்தால் போதும். கான்சஸ் பத்திரிகைகள் என் கையைத் தங்கக் கை என்று எழுதின. நானும் வெட்கமில்லாமல் நம்பினேன். இந்த வருடம் அவர்களில் கேரிக் எங்களைவிடப் பெரிய கல்லூரிக்குத் தாவிவிட்டான். ஒருவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. இன்னொருவனுக்குப் பிடித்துக்கொண்ட தொடை விடவே இல்லை. மிச்சம் டேவியன் ஒருவன்தான். அவனுக்குப் பின்னால் வரிசையில் இருந்தது வெண்டல், முதல் வருட மாணவன், பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ரகம். என் கை அதே கைதான். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று ஊருக்குத் தெரியும், ஆனால் ரேடியோவில் திட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டுமே, கோல்பி என்று என் பெயரை வைத்துக்கொண்டார்கள்.

டேவியன் லூயிசியானாக்காரன். நாங்கள் மூன்று வருடமாக ஒரே அறை. மிளகாய்க் குழம்போடு சினமன் ரோல் என்கிற இனிப்பு பன்னை வைத்துச் சாப்பிடுகிற எங்கள் ஊர் வழக்கத்தை அவன் கேலி செய்யாத வாரம் கிடையாது. எனக்கும் அவனுக்கும் மட்டுமே சரியாக வந்த ஓட்டம் ஒன்று உண்டு. அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘உன் இஷ்டம்’. அவன் நேராக ஓடுவான். மறிக்கிறவன் உள்பக்கம், அதாவது மைதானத்தின் நடுப்பக்கம், நின்றால் வெளியே திரும்புவான், வெளிப்பக்கம் நின்றால் உள்ளே திரும்புவான். அவன் திரும்புவதற்கு முன்பே பந்து என் கையை விட்டுப் போயிருக்கும். இரண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பார்த்து ஒரே முடிவுக்கு வரவேண்டும். மூன்று வருடத்தில் அவன் ஒரு தடவைகூடத் தப்பாகத் திரும்பியதில்லை.

அன்றைக்குத் திரும்பினான். மறித்தவன் உள்ளே நின்றது கடைசி வரிசைக்கே தெரிந்திருக்கும். நான் வெளியே எறிந்தேன், டேவியனோ உள்ளே போய் அவன்மேலேயே முட்டிக்கொண்டான். வெளியே புல்லும் காற்றும் எதிரணியின் இன்னொரு ஆளும்தான் இருந்தார்கள். பார்த்தவர்களுக்கு, கோல்பி ஆளில்லாத இடத்தில் பந்தை வீசினான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு, பாதி ஆட்டத்துக்குள், ஒரு பந்தை அந்தரத்தில் பிடித்து விழுந்தபோது அவனுடைய பின்தலை தரையில் மோதியிருந்தது. உடனே எழுந்து கட்டைவிரலைக் காட்டினான். வீரர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்கிற மிஸ் ஜோனி கண்ணில் விளக்கடித்து ஏதேதோ கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி, அவரையும் சிரிக்கவைத்துவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

பெஞ்சில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மறித்தவன் எந்தப் பக்கம் நின்றான் என்று கேட்டேன். வெளியே நின்றான், நீதான் தப்பாக எறிந்தாய் என்றான். குரலில் சந்தேகமே இல்லை. பிறகு மைதானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“கேரிக்கை அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுடா. அவன் பின்னால ரெண்டு பேர் போயிடுவாங்க, எனக்கு வழி கிடைக்கும்.”

கேரிக் ஊரைவிட்டுப் போய் எட்டு மாதம் ஆகிறது. அவன் அங்கே நின்றிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு கணம் எனக்கும் ஏக்கம் வந்தது. அடுத்த கணம் அவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

“கேரிக் இங்க இல்லடா.”

“தெரியும், சும்மா சொன்னேன்.” சிரித்தான். நான் சிரிக்காததைப் பார்த்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தான். “யார்கிட்டயும் சொல்லிடாதே. மேல ரெண்டு பேர் என்னைப் பாக்கத்தான் வந்திருக்காங்க. நான் உக்காந்தா பின்னால யாருடா இருக்கா? வெண்டலா?”

மேலே இருந்தவர்கள் தொழில்முறை அணிகளுக்கு ஆள் பொறுக்குகிறவர்கள். டேவியனுடைய அம்மா சமையற்கூடத்து வேலையை விடுவதா வேண்டாமா என்பதே அவர்கள் கையில்தான் இருந்தது. அதுவும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதது, இன்னொரு தடவை அந்தத் தலை தரையில் மோதினால் என்ன ஆகும் என்பதுதான். பள்ளியில் என்னோடு ஆடித் தலையில் அடிபட்ட ஒருவனால் இன்றைக்கும் தன் சட்டைப் பொத்தானைத் தானே போட முடியாது.

கோச் டாக்கரியிடம் போனேன். டேவியனுக்குத் தலை சரியில்லை, தப்பாகத் திரும்பினான், வெளியே எடுங்கள் என்றேன். அவர் காதிலிருந்த கருவியைக்கூடக் கழற்றவில்லை.

“எடுத்துட்டு யாரைப் போடறது? பேண்டுல டிரம்பெட் ஊதறவனையா? ஜோனி பாத்து சரின்னுட்டா. நீ போட்ட தப்பை அவன் தலைல கட்டாதே, தம்பி.”

முகத்தில் அடித்தமாதிரி இருந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. நான் வாயைத் திறந்தால் இந்த ஊரில் ஒருவரும் நம்பப்போவதில்லை. எறியத் தெரியாதவன் பிடிக்கிறவனைக் காட்டிக்கொடுத்தான் என்பார்கள். அந்த ஓட்டத்தில் யார் எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருவனுக்கு மறந்துவிட்டது. பேசாமல் இருந்தால் அடுத்த தடவையும் பந்தை அவனுக்குத்தான் எறியவேண்டும், எனக்கு வேறு ஆள் கிடையாது. அவன் பிடித்தாலும் பிடிப்பான். கோச்சும் அவனும் ஊரும் கேட்டது அதைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் ஜெயிக்க ஆசை இருந்தது.

மிஸ் ஜோனி தண்ணீர்க் கேன்களுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “மிஸ் ஜோனி, அவன் என்கிட்ட கேரிக்கை நிக்கச் சொல்றான்” என்றேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் பெஞ்சின்மேல் இருந்த டேவியனின் ஹெல்மெட்டை எடுத்துத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். எங்களிடம் அதுதான் கடைசித் தீர்ப்பு. ஹெல்மெட் அவர் கைக்குப் போய்விட்டால் கோச் தலைகீழாக நின்றாலும் ஆளை உள்ளே அனுப்ப முடியாது. கோச் நின்றும் பார்த்தார். என்னென்னவோ கத்தினார், ஜோனி கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

டேவியன் பெஞ்சுக்கு அடியிலெல்லாம் தேடினான். மற்றவர்களுடைய ஹெல்மெட்டைப் புரட்டிப் பார்த்தான். யாரோ என்னைக் கைகாட்டினார்கள். அவன் என் எதிரில் வந்து நின்றபோது அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

“ஒரு எறி தப்பாப் போச்சுன்னு என்னை வித்துட்டியேடா. நீயெல்லாம் மூணு வருஷம் என் ரூம்ல இருந்தவன்.”

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது பாவம். வெண்டலைக் காவல் காக்க எதிரணிக்கு ஒருவனே அதிகம். மிச்சம் இருந்தவர்கள் எல்லாரும் என்மேல் பாய்ந்தார்கள். நான் பார்க்கிற இடத்திலெல்லாம் எங்கள் ஆள் யாரும் இல்லை, பந்தைக் கையில் வைத்துக்கொண்டே மண்ணைக் கவ்வினேன். மக்கள் ஊளையிடக்கூடச் சலித்துப்போய்க் கடைசிக் கால்பகுதிக்கு முன்பே கார்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஆட்டம் முடிந்து உள்ளே போனேன். உடை மாற்றும் அறைக்கு வெளியே நடைவழியில் டேவியன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக மிஸ் ஜோனி காரைக் கொண்டுவரப் போயிருந்தார். அந்தப் பக்கமே போகாமல் ஒதுங்கிவிடலாமா என்று இருந்தது. அவன் என்னைப் பார்த்துவிட்டான். பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

“என்னடா மூஞ்சி இப்படி இருக்கு? மறுபடியும் குழம்புல சினமன் ரோலைத் தொட்டுத் தின்னியா?” பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தான். “என் ஹெல்மெட்டைப் பாத்தியா? இன்னும் பாதி ஆட்டம் இருக்கு, எவனோ எடுத்து வச்சுக்கிட்டான்.”

தலைக்குமேலே ஸ்டேடியப் படிகளில் கடைசி ஆட்களின் காலடிச் சத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் சினேகிதன் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தான், காரணம் என்னவாக இருந்தால் என்ன. ஆனால் அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை கலங்கிக் கிடக்கிறவனிடம் போய்ப் பொய் சொல்ல மனது வரவில்லை.

“நான்தான்டா மிஸ் ஜோனிகிட்ட சொன்னேன். அவங்கதான் எடுத்தாங்க.”

சிரிப்பு மெல்ல வடிந்தது. கண் சுருங்கியது.

“ஒரு எறி தப்பாப் போச்சுன்னு என்னை வித்துட்டியேடா,” என்றான். “நீயெல்லாம் மூணு வருஷம் என் ரூம்ல இருந்தவன்.”

அதே வார்த்தைகள், அதே வரிசை. நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். எழுந்து போகவில்லை.

கார் வருவதற்குள் அவன் இன்னொரு தடவை சிரித்தபடி ஹெல்மெட் எங்கே என்று கேட்டான். நான் மறுபடியும் சொன்னேன்.