இடது கை

மூன்று வாரமாக ஞானதாஸ் வீடியோவில் வலது கையை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தான். தலையைச் சொறிவதும் டம்ளரைப் பிடிப்பதும் அந்தக் கைதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்த்தவரை, இடது கையால் ஸ்பேனர் பிடிக்கிற மனிதன். மனைவி நிஷா முதல் வாரமே கவனித்துவிட்டாள். அவனாகச் சொல்லட்டும் என்று பொறுத்திருந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, மானாம்பதி ஏரிக்கரையில் சிக்னல் கிடைக்கும் மேட்டில் உட்கார்ந்ததும் நேராகவே கேட்டாள்.

“அந்தக் கைய காட்டுயா.”

ஒரு வெள்ளைக் கட்டு திரைக்குள் ஏறி வந்தது.

“கத்தாதமே. ரெண்டு வெரலு நுனிதான். குளிர்ல கறுத்துப்போச்சு. நிக்காது, உதுந்துடும்ன்றாரு டாக்டரு.”

உத்திரமேரூரில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்தவன், கார்த்திகையில் அண்டார்டிகாவுக்குக் கப்பல் ஏறினான். அங்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஜெனரேட்டர் பார்க்கும் வேலை. பயிற்சியில் சொன்னதையெல்லாம் போவதற்கு முன் அவளிடம் ஜெபம் போல ஒப்பித்தான். தனியாக வெளியே போகக்கூடாது. கட்டடங்களுக்கு நடுவே கட்டியிருக்கும் கயிற்றை விடக்கூடாது. கையுறையைக் கழற்றக்கூடாது. அவளுக்கும் மனப்பாடமாகிவிட்டது.

மூன்றையும் அவன் ஒரே நாளில் மீறியிருந்தான். பனிப்புயல். கூட வேலை செய்யும் பாலாவுக்குக் காய்ச்சல். எழுப்ப மனம் வரவில்லை. வெளியே டீசல் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, தனியாகவே போனான். கையுறையோடு நட்டு பிடிபடவில்லை, கழற்றினான். திரும்பும்போது மரத்துப்போன கையிலிருந்து கயிறு நழுவியதே தெரியவில்லை. எல்லாப் பக்கமும் வெள்ளை. அவன் படுக்கை காலியாக இருப்பதைப் பார்த்த பாலா, காய்ச்சலோடு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தேடி வந்திருக்கிறான். கதவுக்கு நாலு எட்டு தள்ளி உட்கார்ந்திருந்தானாம் ஞானதாஸ்.

“உக்காந்துக்கினு இன்னா நெனச்ச?”

“ஒண்ணியும் நெனக்கல. குளிரே தெரியல நிஷா. தூக்கமா வந்துது. நல்லாத்தான் இருந்துது.”

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் அவள் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். வெயில் முதுகைச் சுட்டுக்கொண்டிருந்தது.

“வூட்டுக்கு வந்துடுயா.”

“நாளைக்குக் கடைசிக் கப்பலு. வர்றதுன்னா அதுல ஏறிக்கோன்னு சொல்லிட்டாங்க. அத வுட்டா எட்டு மாசம் இங்க எதுவும் வராது.” அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். “நான் வந்துட்டா மெஷினு பாக்க பாலா ஒருத்தன்தான். மாத்து ஆளு இல்ல. கரண்டு நின்னா இருவத்தி நாலு பேரும் வெறச்சிப்போவோம்.”

“போவோம்” என்றான், “போவாங்க” என்று சொல்லவில்லை. அது அவள் காதில் விழுந்தது. ஏரித் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாலா அண்ணனுக்குக் குடும்பம்னு கீதா?”

“கீது. கைக்கொயந்த.”

“அவர கூப்புடு.”

பாலாவின் தாடி வைத்த மெலிந்த முகம் வந்து தயங்கி நின்றது.

“அண்ணே, இவரு வெளிய போனா நீங்களும் கூட போவீங்களா?”

“போவேன்மா. காய்ச்சல் வந்தாலும் எழுப்பச் சொல்லிருக்கேன். நான் போனா இவரும் வரணும்.”

அவள் போனை முகத்தருகே கொண்டுவந்தாள். அந்தச் சின்னத் திரைக்குள் இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, வெள்ளைக் கட்டை நடுவில் வைத்துக்கொண்டு, வா என்பாளா, இரு என்பாளா என்று அவள் வாயையே பார்த்திருந்தார்கள்.