பதினேழாம் தேதி போட்டோ

பாஸ்வேர்டு அடித்தால் திரை கறுக்கும். இரண்டு நொடி கழித்து அதே பெட்டி மறுபடி வந்து பாஸ்வேர்டு கேட்கும். காலையிலிருந்து இருபது தடவை அடித்துவிட்டேன். தப்பாக அடித்தால் தப்பு என்கிறது. சரியாக அடித்தால் உள்ளே விடுவதுபோல் விட்டு வெளியே தள்ளுகிறது. மனுஷனாக இருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன்.

மணி பதினொன்று. மூன்று மணிக்கு என் வீட்டுக்காரர் இம்மானுவேலுக்கு மில்லில் விசாரணை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கம்பி போடும் மில் ஒன்றில் அவர் எலக்ட்ரீஷியன், பதினாறு வருஷமாக. அங்கே வெட்டும் மிஷினுக்கு ஒரு கதவு உண்டு. கதவு திறந்திருந்தால் மிஷின் ஓடாது. ரிப்பேர் பார்க்கும்போது மட்டும் பேனலில் ஒரு துண்டு ஒயரைச் சொருகி, கதவு திறந்தபடியே ஓட்டிப் பார்ப்பார்கள். வேலை முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும். போன மாதம் பதினேழாம் தேதி, இரண்டாவது ஷிஃப்டில், அந்த ஒயர் சொருகியபடியே இருந்திருக்கிறது. கம்பி சிக்கிக்கொண்டதை எடுக்கக் கதவைத் திறந்து கையை விட்ட மிஷின் ஆபரேட்டர் வரதனுக்கு வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

முதல் ஷிஃப்டில் ரிப்பேர் பார்த்தவர் இவர். பிடுங்கிவிட்டுத்தான் வந்தேன், வேலை ஓடட்டும் என்று வரதனே சொருகியிருப்பார் என்று இவர் சொல்கிறார். வரதன் இல்லவே இல்லை என்கிறார். இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போகும். அது வரதனாக இருக்கட்டும் என்றுதான் நான் ஜெபம் பண்ணினேன். மறைத்துப் பேச என்ன இருக்கிறது?

நிரூபிக்க ஒரு வழி இருந்தது. ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது பேனலைத் திறந்து ஒரு போட்டோ எடுப்பது இவர் வழக்கம். எடுப்பதோடு சரி, திரும்பிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மொத்தத்தையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் கொட்டிவிட்டுப் போனில் அழித்துவிடுவார். நேற்று மெமோ கையில் வந்த பிறகுதான் அந்தப் போட்டோ நினைவுக்கு வந்தது. வந்து பார்த்தால் கம்ப்யூட்டர் இந்தக் கூத்து அடிக்கிறது. பஜாரில் கம்ப்யூட்டர் கடைக்காரர் ஃபார்மட் அடித்துத் தருகிறேன் என்றார். அடித்தால் போட்டோவும் சேர்ந்து போகும்.

மிச்சம் இருந்தது லோகுதான். ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட இந்தக் கம்ப்யூட்டரை வாங்கிவந்து, லினக்ஸ் என்று ஒன்றை ஏற்றிக் கொடுத்த பக்கத்துத் தெருக்காரன். அவன் கம்பெனியில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். டீக்கு விடும் கால் மணி நேரம்தான் கிடைப்பான். பதினொன்றே காலுக்குக் கூப்பிட்டான். இவருக்குக் கை ஓடவில்லை, நான்தான் உட்கார்ந்தேன்.

மூன்று பட்டனைச் சேர்த்து அமுக்கச் சொன்னான். படமெல்லாம் போய், வெறும் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை வந்தது. அங்கே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். மறு பேச்சில்லாமல் உள்ளே விட்டது. அப்படியென்றால் பாஸ்வேர்டில் கோளாறு இல்லை. அடுத்து டிஸ்க் நிரம்பிவிட்டதா என்று பார்க்கச் சொன்னான். பாதிகூட நிரம்பவில்லை. ஐந்து நிமிஷம் இப்படியே போயிற்று. கடைசியில் ஃபைல் பெயர்களையும் அதது யாருக்குச் சொந்தம் என்பதையும் வரிசையாகப் படிக்கச் சொன்னான். எல்லா வரியிலும் இம்மானுவேல், இம்மானுவேல் என்றே இருந்தது. ஒரு வரியில் மட்டும் ரூட் என்று இருந்தது.

கம்ப்யூட்டருக்கே முதலாளி மாதிரி அந்தப் பெயர் என்றான் லோகு. பிறகு, யார் ரூட் அதிகாரத்தில் போய் ஸ்க்ரீனைத் திறந்தது என்று கேட்டான்.

இவர் மெதுவாக ஒத்துக்கொண்டார். போன வாரம் ஸ்க்ரீன் அப்படியே நின்றுவிட்டதாம். ஏதோ வீடியோவில் சொன்னபடி பெரிய அதிகாரத்தைக் கொடுத்துத் திறந்தாராம். அந்த நேரத்துக்குத் திறந்துகொண்டதாம். ஸ்க்ரீனைத் திறக்கிற ஃபைல் அன்றைக்கே ரூட் பெயருக்கு மாறிவிட்டது, அதனால்தான் இவர் பெயரில் போனால் வெளியே தள்ளுகிறது என்று லோகு விளக்கினான்.

"மில்லுல பண்ற மாரியே பைபாஸ் போட்டுக்கினு, வேல ஆச்சுன்னு எடுக்காம உட்டுட்டியேண்ணே" என்று சிரித்தான்.

நாங்கள் சிரிக்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

சொந்தக்காரர் பெயரை மாற்ற ஒரே ஒரு வரி. லோகு ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். முதல் தடவை ஒரு புள்ளியை விட்டுவிட்டேன், கம்ப்யூட்டர் திட்டியது. இரண்டாம் தடவை சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டது. அதற்குள் அங்கே பெல் அடித்துவிட்டது. இப்போது உள்ளே போய்ப் பாருங்கள் அண்ணி என்று சொல்லி வைத்துவிட்டான்.

பாஸ்வேர்டு அடித்தேன். திரை கறுத்தது. மறுபடி பெட்டிதான் வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை, டெஸ்க்டாப் திறந்தது.

பதினேழாம் தேதி, மதியம் ஒன்று ஐம்பத்திரண்டு, முதல் ஷிஃப்ட் முடியும் நேரம். பெரிதாக்கினேன். பேனல், வரிசையாக ஸ்விட்ச்சுகள், நடுவில் அந்தச் சிவப்பு ஒயர். சொருகியபடியே இருந்தது.

இவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார்.

"நாந்தான் புடுங்கல, சாரா."

எனக்கு ஆத்திரம் வந்தது. இவர்மேலா, கம்ப்யூட்டர்மேலா, ஜெபம் பண்ணிய என்மேலா, தெரியவில்லை. மௌஸ் அந்தப் படத்தின்மேல்தான் இருந்தது.

"கம்ப்யூட்டர் தொறக்கவே இல்லன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப் போவுது?" என்றேன்.

"வரதனுக்கும் மெமோ குடுத்தாங்க. வலது கையில கட்டு. வாங்கிக்கினேன்னு இடது கை கட்டவிரல உருட்டுனான். பத்தாவது படிச்சவன் சாரா அவன். பக்கத்துல நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன்."

பென்டிரைவை எடுத்தார். இரண்டு தடவை தலைகீழாக வைத்துச் சொருகப் பார்த்தார். அவர் கையிலிருந்து வாங்கி நான்தான் சொருகி, அந்த ஒரு படத்தைக் காப்பி செய்தேன்.