முபாரிஸின் அளவு

கணவன் இறந்து சுல்பா இத்தா இருக்கத் தொடங்கி எண்பத்தேழாவது நாள், அவளுடைய மாமியார் சாரா உம்மா ஒரு பழைய சட்டையை மடித்துக்கொண்டு அறைக்குள் வந்தார். அதைக் கட்டிலில் வைத்துவிட்டு, சுல்பாவைப் பார்க்காமல் ஜன்னல் சீலையைப் பார்த்துப் பேசினார். நேராகச் சொல்ல முடியாத விஷயம் என்றால் சீலை, பானை, சுவர் என்று எதையாவது பார்த்துப் பேசுவதுதான் அவருடைய வழக்கம்.

"முபாரிஸ்ட சேட்டு. அளவுக்குத்தான் கொண்டாந்தன். அந்த சுவெட்டரச் சும்மா போட்டு வைக்காம, அவனுக்குச் சரியா வாற மாதிரி முடிச்சிரு மகள். லொறியோட மலைக்குப் போறவன், குளிருல நடுங்கிக்கொண்டு வாறான்."

"ஓம் மாமி" என்றாள் சுல்பா. ஒரு சுவெட்டரை முடித்துக் கொடு என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்ல யாருக்குத்தான் வாய் வரும்? சாரா உம்மாவுக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

சுவெட்டர் சுல்பாவின் கணவன் ஸப்ரானுக்காகத் தொடங்கியது. ஸப்ரான் கற்பிட்டியிலிருந்து நுவரெலியாவுக்குக் கருவாட்டு லொறி ஓடியவன். ஒருமுறை அங்கிருந்து கரும்பச்சைக் கம்பளி ஊல் பத்துப் பந்து வாங்கி வந்து அவள் மடியில் போட்டான். அகதி முகாமில் இருந்த காலத்தில் ஏதோ ஒரு நிறுவனம் குமருகளுக்கு நடத்திய பின்னல் வகுப்பில் அவள் படித்த வித்தை, இருபது வருடம் கழித்து வேலைக்கு வந்தது. அவர்கள் வாழ்ந்த கரைத்தீவு வெயிலில் வியர்த்து ஒழுக ஒழுக ஊல் பின்னுகிறவளைப் பார்த்து அக்கம்பக்கம் சிரித்தது. முதுகுப் பக்கம் முடிந்து அவன் மேல் வைத்துப் பார்த்தபோது அவனும் சிரித்தான். "இதுக்குள்ள நானும் போகலாம், லொறியும் போகலாம்" என்றான். அவ்வளவு அகலம்.

முன்பக்கம் பாதியில் நிற்கும்போது ஒரு நாள், சிலாபத்தைத் தாண்டி லொறியை ஓரங்கட்டிவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கில் சாய்ந்தான். அப்படியே மௌத்தாகிவிட்டான்.

நான்கு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்திக்கொண்டு, வாசற்படி தாண்டாமல், அந்நிய ஆண் முகம் பார்க்காமல் ஒரு அறையில் இருப்பவளுக்குக் கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும். ஓதி முடித்த நேரங்களில் சுல்பா ஊசியைக் கையில் எடுத்தாள். ஆனால் பின்னப் பின்னத் துணி கோணிக்கொண்டே போனது. கணவன் உயிரோடு இருக்கும்போது பின்னியது தொளதொளவென்று இருந்தது. அதற்குப் பிறகு பின்னியது கயிறு மாதிரி இறுகிப்போய்க் கிடந்தது. எந்த வரிசையில் அவன் மௌத்தானான் என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்த இடத்துக்கு விரல் போகும்போதெல்லாம் அவளுக்கு அழுகை வந்தது. பிடிக்காத வேலையை ஏன் செய்கிறோம் என்று தெரியாமலே செய்தாள்.

இப்போது அதற்கு ஒரு காரணத்தைச் சாரா உம்மா கொண்டுவந்து கட்டிலில் வைத்திருந்தார்.

முபாரிஸ் ஸப்ரானின் தம்பி, சுல்பாவின் மகளுக்குச் சாச்சா. அண்ணன் போன பிறகு லொறியை அவன்தான் ஓடுகிறான். அண்ணனின் கை மணிக்கூட்டை அவன்தான் கட்டியிருக்கிறான். இனி அண்ணனின் சுவெட்டர். அதற்கு அடுத்தது என்ன என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை.

இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் கல்யாணம் பேசுவது மார்க்கத்தில் கூடாது. ஜாடையாகச் சொன்னால் குற்றமில்லை. சாரா உம்மா ஐந்து நேரமும் தொழுகிறவர், ஹறாமான காரியத்துக்குக் கிட்டவும் போகமாட்டார். ஆனால் ஜாடைக்கு இருக்கிற இடத்தை ஒரு அங்குலம் விடாமல் பயன்படுத்தினார். 'வாப்பா இல்லாத புள்ளைக்குச் சாச்சாவ விட ஆரு இரிக்கா' என்று ஒரு நாள் பானையிடம் சொன்னார். 'வெளியில போய்ப் பொம்புள தேடுற காலமா இது' என்று இன்னொரு நாள் சுவரிடம் சொன்னார். சுல்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்காத கேள்விக்கு எப்படி இல்லை என்று சொல்வது? சொன்னால், 'ஆரு உன்னக் கேட்ட? மையித்து அடங்கி மூணு மாசம் ஆகல்ல, இவளுக்கு அதுக்குள்ள கல்யாண யோசனையா' என்று ஊர் வாயில் விழ வேண்டியதுதான். பேசாமல் இருந்தால், இத்தா முடிந்த மறுநாள் கல்யாணத்தை நடத்தி வைக்க லெப்பை வந்து நிற்பார். எல்லாரும் அவள் ஏற்கெனவே சம்மதித்துவிட்டாள் என்ற மாதிரியே பேசுவார்கள். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நிறுத்தினால் எப்படியோ, அப்படி இருந்தது அவளுக்கு.

முபாரிஸ் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் காரியம் சுலபம். தொண்ணூறாம் ஆண்டு ஊரோடு துரத்தப்பட்டு மன்னாரிலிருந்து வள்ளங்களில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கி, கிடுகு வேய்ந்த அகதிக் கொட்டில்களில் குடியேறியபோது அவனுக்கு மூன்று வயது, சுல்பாவுக்குப் பதினொன்று. அடுத்தடுத்த கொட்டில்கள். குழாய்க் கிணற்றடியில் அவனுக்குக் குளிக்க வார்த்தவள் அவள், மூக்கைச் சிந்தி விட்டவளும் அவள். அவனுடைய அண்ணனைக் கல்யாணம் முடித்த பிறகும் அவன் அவளை மதினி என்று கூப்பிட்டதில்லை, அக்கா முறையில் ராத்தா என்றுதான் கூப்பிடுவான். போன மாதம் மீன் கொண்டுவந்து வாசலில் நின்றவன், "மீன் இரிக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அதற்கு அடுத்த தடவையும் ராத்தா என்ற சொல் அவன் வாயில் வரவில்லை. யாரோ சொல்லிக்கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று சுல்பாவுக்குப் புரிந்தது.

மாமியார் போனதும் சட்டையை எடுத்து முதுகுப் பக்கத்தின் மேல் விரித்துப் பார்த்தாள். முபாரிஸ் ஒல்லி. இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சமாகத் தெரிந்தது. இதை அவன் அளவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் அடிவரைக்கும் அவிழ்த்து, கண்ணிகளைக் குறைத்து, திரும்பத் தொடங்க வேண்டும். மேல் முடிச்சை வெட்டி நூலை இழுத்தாள். சரசரவென்று வந்தது. முதுகு முடிந்தது, முன்பக்கத்தை எடுத்தாள். இறுகிய வரிசைகள் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. நகத்தால் கெல்லி இழுத்தாள். அந்த இடம் வந்தது, போனது. அதன் பிறகு தொளதொளத்த வரிசைகள் ஒரு இழுவைக்கு மூன்றாக ஓடிவந்தன. அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது அறை முழுக்கச் சுருண்ட நூல் கிடந்தது. இதைத் திரும்ப முபாரிஸுக்குப் பின்னப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மாதக் கணக்கில் இல்லாத ஒரு நிம்மதி வந்தது, கூடவே பயமும் வந்தது.

பள்ளிக்கூடத்தால் வந்த மகள் அஸ்கா ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பந்து சுற்றிக் கொடுத்தாள். அவளுக்குப் பதினொரு வயது.

பந்துகளைப் பார்த்த சாரா உம்மா இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாம் ஜும்ஆவுக்குப் போன நேரத்தில், அறைக்கு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இந்த முறை சீலையைப் பார்க்கவில்லை.

"கேக்கக் கூடாதுதான். அல்லாஹ் மன்னிக்கட்டும். என்னக் கேக்க வச்சது நீதான். முபாரிஸ நிக்காஹ் முடிக்க மாட்டியா?"

குமருக்கு மௌனமே சம்மதம், ஆனால் ஒருமுறை வாழ்ந்தவள் தன் வாயால் சொல்ல வேண்டும் என்று சுல்பா சின்ன வயதில் ஓதப்போன இடத்தில் கேட்டிருக்கிறாள். எண்பத்தொன்பது நாளாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் வாயை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"இல்ல மாமி."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுத்தான் சொல்றன். அவன நான் தூக்கி வளத்தவ. என்னால ஏலாது."

சாரா உம்மா கத்தவில்லை. சோறு வடிக்கச் சொல்கிற குரலில் சொன்னார்: "அப்ப இத்தா முடிய உன்ட வாப்பாட்ட மன்னாருக்குப் போ. அவருதான் ஊருக்குத் திரும்பிட்டாரே. புள்ளைக்கு இங்க பள்ளிக்கூடம் இரிக்கு, அவள் எங்களோட நிக்கட்டும். நாளைக்கு ஆரையும் முடிச்சுக்கொண்டு என்ட மகன்ட வூட்டுல வந்து இரிக்க நான் வுடமாட்டன்."

இல்லை என்ற ஒரு சொல்லோடு எல்லாம் முடிந்துவிடும் என்று சுல்பா நினைத்திருந்தாள். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அன்று விளங்கியது. மாமியார் போன பிறகு வாயில் சீலையை வைத்துக்கொண்டு அழுதாள். அழுது முடிந்ததும் ஊசியை எடுத்து, அகலமாகக் கண்ணி போட்டு, ஒரு பை பின்னத் தொடங்கினாள்.

ஊல் பை பாரம் தாங்காது, இரண்டு உடுப்பு வைத்தால் முழங்கால் வரை இழுபட்டுத் தொங்கும் என்று பின்னத் தெரிந்த யாருக்கும் தெரியும். அவளுக்கும் தெரியும். ஆனால் போ என்றால் ஏன், எங்கே என்று கேட்காமல் பையைத் தேடிப் பழகிய கை அது. தொண்ணூறில் ஒலிபெருக்கியில் முஸ்லிம்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவளுடைய உம்மா கேட்கவில்லை, வாப்பா கேட்கவில்லை, ஊரில் ஒருவருமே கேட்கவில்லை. அவரவர் பையைக் கட்டினார்கள். அந்தப் புத்தி இருபத்துநான்கு வருடமாக அவளுக்குள் உட்கார்ந்திருந்தது. அஸ்காவை விட்டுவிட்டுப் போவதாக அவள் ஒரு கணமும் நினைக்கவில்லை. இரண்டு பேருடைய உடுப்புக்குத்தான் அகலம் வைத்தாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் அஸ்கா தலை சீவிக்கொள்ள வந்து முன்னால் உட்கார்ந்தாள். வீட்டின் முன் மண்டபத்தில் சாரா உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். பை ஒரு முழம் வளர்ந்திருந்தது.

"இது என்ன உம்மா?"

"பை. உன்டயும் என்டயும் உடுப்பு வைக்க."

சொன்ன பிறகுதான், பிள்ளையிடம் தான் ஒன்றுமே கேட்கவில்லை என்பது சுல்பாவுக்கு உறைத்தது. மாமியார் சட்டையைக் கொண்டுவந்து வைத்த மாதிரி, தானும் பையைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. சீப்பைக் கீழே வைத்துவிட்டு மகளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இத்தா முடிஞ்சா நான் மன்னாருக்கு என்ட வாப்பாட்ட போகணும். நீ என்னோட வாறியா, இங்க வாப்பும்மாவோட நிக்கிறியா? எதையும் சொல்லலாம். நான் ஏச மாட்டன்."

அஸ்கா பையின் ஓரத்தை விரலால் இழுத்துப் பார்த்தாள். பிள்ளை பேசாமல் இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள சுல்பாவுக்குச் சரியான ஆசை. எடுத்துக்கொள்ளவில்லை.

"வாயால சொல்லு மகள்."

"எனக்கு விளங்கல்ல உம்மா" என்றாள் அஸ்கா. "நாங்க ஏன் போற? இது வாப்பா எங்களுக்குக் கட்டின வூடு. வாப்பும்மா இத்தாவுக்குத் துணைக்கு வந்தவ. முடிஞ்சா அவதானே அவட வூட்டுக்குப் போகணும்?"

மண்டபத்தில் சுளகுச் சத்தம் நின்றது.

சுல்பாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வீட்டுத் திட்டத்தில் காணி கிடைத்து, தானும் ஸப்ரானும் கல் சுமந்து கட்டிய வீடு. சாரா உம்மாவின் வீடு வேலிக்கு அந்தப் பக்கம், இருபது எட்டு வைத்தால் வந்துவிடும். முழு வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, யாரோ போ என்றதும் பை பின்னியிருக்கிறாள். நீ ஏன் போக வேண்டும் என்று கேட்க, ஒரு நாளும் எங்கிருந்தும் துரத்தப்படாத ஒரு பிள்ளை தேவைப்பட்டது.

"மாமி" என்று கூப்பிட்டாள். கேட்கிறார் என்று தெரியும். "நான் ஒரு இடமும் போகல்ல மாமி. நானும் புள்ளையும் இங்கதான். ஆரையும் முடிக்கிற எண்ணமும் எனக்கில்ல."

சுளகு திரும்பவும் புடைக்கத் தொடங்கியது, முன்னைவிடப் பலமாக.

சாரா உம்மா அன்றைக்கே தன் வீட்டுக்குப் போயிருப்பார். போக முடியவில்லை. மருமகளை இத்தாவில் தனியே விட்டுப் போனார் என்று ஊர் கதைக்கும். இன்னும் முப்பத்தெட்டு நாள். அதுவரைக்கும் இரண்டு பேரும் அதே கூரைக்குக் கீழே, அதே சட்டிச் சோற்றைத் தின்றுகொண்டு, முகம் பார்க்காமல் இருந்தாக வேண்டும். அதற்குப் பிறகும் நடுவில் ஒரு வேலிதான்.

மறுநாள் சுல்பா ஊசியை உருவிப் பையை அவிழ்த்தாள். லுஹர் தொழுகைக்குப் பிறகு புதிதாகக் கண்ணி போட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்த சாரா உம்மா கோப்பையைச் சத்தமாக வைத்துவிட்டு நின்றார்.

"இப்ப என்னத்தப் பின்னுற?"

"மண்டபத்துக் கதிரைக்கு உறை" என்றாள் சுல்பா. "நாலு கதிரைக்கும்."